கச்சாத் தோலும் நம் கதையும்

சென்ற கோடை விடுமுறையில் ஆம்பூர்ப் பெரியவர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். மூன்று தலைமுறையாகத் தோல் தொழிலில் ஊறிய குடும்பம். ஐவேளைத் தொழுகையாளர், ஊர் ஜமாஅத்தில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு. வைத்த தேநீரை அவர் தொடவில்லை. பேரன் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறான் என்றார். மகிழ்ச்சி என்றோம்.

"மகிழ்ச்சி எங்கே, பாய்? பல்கலைக்கழகத்தில் சேர்ந்து குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதப் படிக்கப் போகிறானாம். தோல் ஷாப்பு வைத்துப் பிழைத்த வீட்டில் கூத்தாடியா? நீங்கள்தாம் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்."

பேரனுக்குச் சொல்லும் முன் பெரியவருக்கே சொல்ல வேண்டியவை நம்மிடம் நிறைய இருந்தன. அவரிடம் சொன்னதையும், சொல்ல நினைத்து வயதை எண்ணி விழுங்கியதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம். இது அவர் ஒருவரின் கவலையன்று. வேலூர் தொடங்கி மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இதே பேச்சு நடக்கிறது. பொறியியல் என்றால் பணம் கட்டுகிறார்கள். தோல் தொழில்நுட்பம் என்றால் தலையசைக்கிறார்கள். வணிகவியல் என்றால் கடைச் சாவியை எடுத்து வைக்கிறார்கள். திரைக்கதை என்று பிள்ளை வாயெடுத்தால் மட்டும் வீட்டில் மய்யித்து விழுந்ததுபோல் அமைதி சூழ்கிறது.

முதலில் இப்படிப்பு எத்தகையது என்பதனை அறிந்துதான் வெறுக்கிறோமா? இதில் ஆடவும் பாடவும் யாரும் கற்றுத் தருவதில்லை. இஃது எழுத்துக் கல்வி. காகிதமும் பேனாவும் போதும். பத்து நிமிடப் படமொன்றுக்குப் பத்துப் பக்கம் எழுத வேண்டும்; வழக்கமான அமைப்பில் எழுதிய ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது இத்துறையார் கணக்கு. அந்தப் பத்துப் பக்கத்தில் 'அவன் மனம் வருந்தினான்' என்று எழுதக் கூடாது. மனம் வருந்துவதைப் படம் பிடிக்க முடியாது. வேலை போன செய்தியை மனைவியிடம் மறைக்கும் ஷூ கம்பெனித் தொழிலாளியைப் பற்றி நாவலாசிரியர் மூன்று பக்கம் வருந்தலாம். திரைக்கதை எழுதுபவனோ, அவன் வழக்கம்போல் காலையில் டிபன் கேரியரோடு வீட்டை விட்டுக் கிளம்புவதைக் காட்டுவான். மாலையில் அதைக் கழுவ வாங்கும் மனைவியின் கை, கேரியர் கனப்பதை உணர்ந்து ஒரு நொடி நிற்கும். அவ்வளவுதான். இப்படி எண்ணவும், எழுதியதை அடித்துத் திருத்தவும், பிறர் எழுதியதைக் குறை காணவும், ஒரு சிறுகதையைக் காட்சிகளாக வகுக்கவும் பயிற்றுவதே இந்தப் படிப்பு. கூர்ந்து நோக்கும் பழக்கமும் சொல்லைச் செட்டாகச் செலவிடும் பழக்கமும் எந்த வகையில் மார்க்கத்துக்கு விரோதமாயின?

கதையே ஆகாது என்பார்க்கு ஒன்று நினைவூட்டுவோம். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையே மிக அழகிய வரலாறு என்று சிறப்பிக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத்தில் நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'. 1572-இல் அரங்கேறிய அந்நூல் முழுவதும் வினாவும் விடையுமாக இருவர் உரையாடுவது. கிஸ்ஸாவும் நாமாவும் படைப்போரும் நம் வீடுகளில் இரவெல்லாம் படிக்கப்பட்டன. பெண்கள் கேட்டு அழுதனர். கதை சொல்வது இச்சமுதாயத்துக்கு நானூறு ஆண்டுப் பழக்கம். ஏடு போய் அச்சு வந்தது. அச்சுக்கு அடுத்ததாகத் திரை வந்திருக்கிறது. நிழற்படமே கூடாது என்று வாதிட்ட பெரியோர்களும் ஹஜ்ஜுக்குச் செல்லப் பாஸ்போர்ட்டில் படம் ஒட்டினார்கள். ஆபாசம் ஹராம் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆபாசக் கவிதையும் ஹராம்தான். அதற்காக உமறுப் புலவரை நாம் விலக்கி வைத்தோமா?

இனி, தோல் தொழிலார்க்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டிய செய்திக்கு வருவோம்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டு அரைப்பதமாகப் பதனிட்ட தோலைக் கட்டுக் கட்டாகச் சென்னைத் துறைமுகம் வழியே சீமைக்கு அனுப்பி வந்த காலம் நம் முதியவர்களுக்கு நினைவிருக்கும். நம்மூர்த் தோல் அங்கே காலணியாகவும் கைப்பையாகவும் மாறிப் பன்மடங்கு விலைக்கு விற்றது. நமக்குக் கிடைத்தது அரைத் தோலின் விலை. சீதாராமையா குழு 1972-இல் இந்த நிலையை எடுத்துக் காட்டிற்று. அதன் பிறகு, 1973 முதல், கச்சாத் தோலை ஏற்றுமதி செய்யத் தடை வந்தது. அரைப்பதத் தோலுக்கு அளவு கட்டப்பட்டது. தொழில் அழிந்தது என்று அன்று எத்தனை பேர் தலையில் கை வைத்தனர்! அழியவில்லை. முழுப்பதத் தோல் செய்யக் கற்றோம். அப்பர் தைக்கக் கற்றோம். முழுக் காலணியும் செய்தோம். இன்று ஆம்பூரின் பெயர் ஐரோப்பியக் கடைகளுக்குத் தெரிகிறதென்றால், கச்சாப் பொருளை விற்றுப் பிழைக்க மாட்டோம் என்று ஒரு தலைமுறை முடிவு கட்டியதே அதற்குக் காரணம்.

தோலில் கற்ற இப்பாடத்தை வாழ்க்கைக் கதையில் மறந்துவிட்டோம். நம் கதைகளை இன்னமும் கச்சாவாகவே வெளியே விடுகிறோம். பிறர் எடுத்துச் சென்று தம் அச்சில் தைத்துத் திரும்ப நமக்கே விற்கிறார்கள். போட்டுப் பார்த்துக் கால் கடிக்கிறது என்று அலறுகிறோம்.

எப்படி அலறினோம் என்பதும் ஊரறியும். 2012-இல் 'துப்பாக்கி', எதிர்ப்பெழுந்தது, படக்குழுவினர் வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை நீக்கினர். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்'. மாவட்டந்தோறும் தடையுத்தரவு, பிறகு பேச்சு வார்த்தை, சில இடங்களில் ஒலியை நீக்கிப் பிப்ரவரி 7 அன்று வெளியீடு. நம் உணர்வு புண்பட்டது உண்மை. எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமையும் நமக்குண்டு. ஆயினும் அந்தப் போராட்டங்களால் நமக்கு மிஞ்சியது என்ன? சில நிமிட ஊமைக் காட்சிகள். அந்நாட்களில் சுவரொட்டிக்கும் வாகனத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிட்டதில் ஒரு சிறு பங்கை நான்கு பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கியிருந்தால், இந்நேரம் நம்மிடையே நான்கு திரைக்கதையாளர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் எழுதும் முஸ்லிம் வெடிகுண்டு வைப்பவனாகவும் இருக்க மாட்டான். நண்பனுக்காக உயிரை விட்டுப் படத்தின் பாதியிலேயே மறையும் நல்ல பாயாகவும் இருக்க மாட்டான். மாதக் கடைசியில் கடனுக்கு அரிசி வாங்கும் மனிதனாக இருப்பான்.

தமிழ்த் திரையில் நம்மவர் எழுதியதே இல்லையா? எழுதினர். கவி கா. மு. ஷெரீப் திரைப்பாடல்கள் எழுதியதை யாவரும் அறிவர். 1958-இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்துக்குக் கண்ணதாசனோடு உரையாடல் எழுதியவர் ரவீந்தர். அந்த ரவீந்தர் நாகூரைச் சேர்ந்த காஜா மைதீன் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயரை மாற்றிக்கொண்டுதான் அவர் அந்த வாயிலில் நுழைந்தார். நாமோ அவரை எந்தப் பெயராலும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வடக்கே பானிபட்டில் பிறந்த க்வாஜா அகமது அப்பாஸ் தம் பெயரை மாற்றவில்லை. 'ஆவாரா'வுக்கு எழுதிய கை அவருடையது. 'நான்கு நகரங்கள், ஒரு கதை' என்னும் பொருள்படும் பெயரில் 1968-இல் அவர் எடுத்தது ஒரு குறும்படமே. பெருநகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டிய அச்சிறு படத்துக்குத் தணிக்கையார் தடங்கல் செய்யவே, உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1970-இல் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா தலைமையில் வந்த தீர்ப்பு தணிக்கையை ஏற்றதாயினும், அதற்குத் தெளிவான நெறிகள் வேண்டுமென்று கூறிற்று. படத் தணிக்கைச் சட்டம் படிப்போர் இன்றும் தொட்டுச் செல்லும் வழக்கு அது. அலிகரில் உருது கற்பித்த ராஹி மாசூம் ரஜா, தொலைக்காட்சியில் 1988 முதல் ஓடிய 'மகாபாரத'த்துக்கு உரையாடல் எழுதி நாட்டையே கேட்க வைத்தார். டில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா 1982-லேயே மக்கள் தொடர்பு ஆய்வு மையம் கண்டு, படமெடுப்பதையும் எழுதுவதையும் முறையான பாடமாக்கிற்று. அது விடுதலைப் போராட்டத் தலைவர்கள் கண்ட நிறுவனம். அங்கே ஹலாலாயிருப்பது வாணியம்பாடிக்கு வந்ததும் ஹராமாகி விடுமா?

ஈரானைப் பாருங்கள். அப்பாஸ் கியரோஸ்தமி முதன்முதலில் எடுத்தது 1970-இல் ஒரு குறும்படம். ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவனைச் சந்தில் ஒரு நாய் மறிக்கிறது. சிறுவன் ரொட்டியில் ஒரு துண்டைப் பிட்டுப் போடுகிறான். கதை ஏறக்குறைய இவ்வளவே, பேச்சு இல்லை. சிறுவர் கல்விக்கென ஏற்பட்ட நிறுவனமொன்று அதைத் தயாரித்தது. அங்கிருந்து புறப்பட்டவர் உலகமே வணங்கும் கலைஞரானார். மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' 1997-இல் வந்தது. தங்கையின் காலணியைத் தைக்கக் கொண்டுபோன அண்ணன் அதைத் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொல்ல அஞ்சி இருவரும் ஒரே ஜோடியை முறை வைத்து மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். அப்படம் ஆஸ்கார் பரிந்துரை வரை சென்றது. அதில் ஆபாசம் இல்லை, அடிதடி இல்லை. ஏழை முஸ்லிம் வீட்டின் மானம் இருக்கிறது. நமக்கு நெஞ்சு பொறுக்காத இடம் இதுதான். ஒரு ஜோடிக் காலணியைப் பற்றிய கதை தெஹ்ரானிலிருந்து வந்தது. கோடிக் கணக்கில் காலணி தைத்த ஆம்பூரிலிருந்து அப்படி ஒரு கதை வரவில்லை.

நம்மிடம் கதை இல்லாமலா வரவில்லை? விடியுமுன் கிராமத்துச் சாலை முனைகளில் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் நிற்கிறார்கள். நாள் முழுதும் அப்பர் தைத்துவிட்டு, தம் காலில் ரப்பர்ச் செருப்போடு வீடு திரும்புகிறார்கள். பாலாறு மணலாகக் கிடக்கிறது. கிணற்று நீர் உப்பாகி விட்டது. வீட்டில் தக்கனி உருது, கடைத்தெருவில் தமிழ், பள்ளிவாசலில் அரபு என்று ஒரே நாளில் மூன்று மொழிகளுக்குள் புகுந்து வெளியே வரும் பிள்ளை இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறான். தமிழ்ப் படங்களிலோ நாம் பல்லாண்டுகளாக 'நம்பள் நிம்பள்' என்று உளறிக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டுப் பேச்சு எப்படிப்பட்டது, எந்த இடத்தில் உருது தமிழாக மாறும், கோபத்தில் எது வரும், பேரம் பேசும்போது எது வரும் என்பதைக் கோடம்பாக்கத்து எழுத்தாளர் அறியார். அறிந்த பிள்ளையை நாம் எழுத விடுவதில்லை.

இதற்கொரு காரணம் உண்டு. அதைச் சொன்னால் சிலர் நம்மீது சினங்கொள்வர், கொள்ளட்டும். நம் பெரிய மனிதர்கள் சிலர் அஞ்சுவது சினிமாவைக் கண்டன்று, கதையைக் கண்டு. தோல் கழிவால் நிலமும் நீரும் கெட்டதென்று 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டில் வேரூன்ற அந்த வேலூர் வழக்கும் ஒரு காரணம். 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீட்டையும் கண்காணிப்பையும் வற்புறுத்த வேண்டியிருந்தது. இடையில் 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த இரவைப் பற்றி நாம் என்ன எழுதினோம்? செய்தித்தாள்கள் இரண்டு நாள் எழுதின. எங்கோ ஒரு தாய்க்கு எந்த மொழியில் யார் செய்தி சொன்னார்கள், அவள் அனுப்பி வைத்த போர்வை யாரிடம் போயிற்று என்று எண்ணிப் பார்க்க ஓர் எழுத்தாளன் வேண்டும். நம் பிள்ளை படித்துவிட்டு வந்தால் இதைத்தான் எழுதுவான். தொழிலுக்குக் கெட்ட பெயர் என்று அவனைத் தடுப்போமானால், நாளை வெளியூரிலிருந்து ஒருவர் வந்து எழுதுவார். அவருக்கு நம் கெட்டது மட்டுமே கண்ணில் படும். பட்டினியிலிருந்து ஊரை மீட்ட தொழிலும் இதுவே என்பதை அவர் எப்படி அறிவார்? இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வல்லவன் இங்கே பிறந்தவனே.

பெண் பிள்ளைகள் என்றால் பேச்சு இன்னும் கடுமையாகிறது. நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்ட ஆண்டு 1938. ஈரானின் சமீரா மக்மல்பாஃப் பதினெட்டு வயதில், முக்காட்டோடு, 1998-இல் தம் முதற்படத்தைக் கான் விழாவில் காட்டினார். நம் துவரங்குறிச்சிக் கவிஞர் சல்மாவின் வாழ்வை 2013-இல் படமாக எடுத்து உலகுக்குக் காட்டியவர் யார்? கிம் லாங்கினோட்டோ என்னும் ஆங்கிலப் பெண்மணி. நன்றாகவே எடுத்தார், அவரைக் குறை கூறவில்லை. அதை எடுக்கும் தகுதியுடைய ஒரு தமிழ் முஸ்லிம் பெண்ணையாவது நாம் வளர்த்திருந்தோமா என்பதே கேள்வி. எழுத்து வீட்டிலிருந்தே செய்யக் கூடிய வேலை என்பதைக்கூடவா எடுத்துச் சொல்ல வேண்டும்?

"படிக்காமலே எடுக்கிறார்களே, பல்கலைக்கழகம் எதற்கு?" என்று கேட்பவர்களும் உளர். கலைஞர் தொலைக்காட்சியில் 2009-இல் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' போட்டியில் குறும்படம் எடுத்தே கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் பாலாஜி மோகனும் பெரிய திரைக்கு வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் சென்னையில் நண்பர்களோடு கூடி, எடுத்துக் காட்டி, திட்டு வாங்கி, மறுபடி எடுத்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கூட்டமே கல்லூரி. பேர்ணாம்பட்டுப் பிள்ளைக்கு அக்கூட்டம் எங்கே கிடைக்கும்? கைப்பேசியில் கேமரா இருக்கிறது; அவனும் எடுக்கத்தான் செய்கிறான். நாமும் சில பார்த்தோம். தாயை மதிக்க வேண்டும், வரதட்சணை கூடாது, வட்டி பாவம். ஐந்து நிமிடம் யாரோ அழுகிறார்கள். கடைசியில் திரை கறுத்து, ஒரு ஹதீஸ் எழுத்தில் ஓடி முடிகிறது. ஜும்ஆ பயானை ஏன் இத்தனை சுற்றிச் சொல்ல வேண்டும்? நிய்யத் நல்லதுதான், எழுதக் கற்பிப்பார் இல்லை.

கற்பிக்கும் இடங்கள் இல்லாமலில்லை. 1945-இல் தொடங்கி இன்று தரமணியில் இயங்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கமும் திரைக்கதை எழுத்தும் ஒரு பட்டப்படிப்பு. அரசு நிறுவனம், இடங்கள் மிகச் சில. புனேயிலும் கல்கத்தாவிலும் மத்திய அரசின் நிறுவனங்கள் உள. காட்சித் தொடர்பியல் என்னும் பட்டம் தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் வந்துவிட்டது. ஆனால் அங்கெல்லாம் கேமராவுக்குள்ள மரியாதை பேனாவுக்கு இல்லை. கேமராவை மேசைமேல் வைத்து ஆய்வுக் குழுவிடம் காட்டலாம்; எழுதப் பழகும் மாணவனின் தலையைத் திறந்து எப்படிக் காட்டுவது?

நம் கல்லூரிகளை யார் கட்டினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் எழுந்தது. தோல் வணிகர் காகா முகம்மது உமர் 1924-இல் உமராபாத்தில் ஜாமியா தாருஸ்ஸலாமை நிறுவினார். மேல்விஷாரத்துத் தோல் வணிகக் கொடையாளர் அப்துல் ஹக்கீம் பெயரில் 1965-இலும், ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் 1969-இலும் கல்லூரிகள் கண்டோம். ஆங்கிலக் கல்வி தீனைக் கெடுக்கும் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களே அவற்றுக்குப் பணம் தந்தார்கள். அவர்களின் பேரர்களிடம் நாம் கேட்பது புதிய கட்டடமன்று. தமிழ் இலக்கிய, உருது இலக்கிய வகுப்புகளில் குறும்படத் திரைக்கதையை ஒரு தாளாக வையுங்கள். எழுதத் தெரிந்த ஒருவரை ஆண்டுக்கு இரண்டு மாதம் அழைத்து வந்து தங்க வையுங்கள். தரமணிக்கும் டில்லிக்கும் இடம் கிடைத்துச் செல்லும் பிள்ளைக்கு உதவித்தொகை கொடுங்கள். ஜகாத் பணத்தை இதற்குத் தரலாமா என்ற விவாதத்தை உலமாக்களிடமே விட்டுவிடுவோம். ஒரு பெரிய வலீமாவில் எஞ்சி வீணாகும் பிரியாணியின் விலையே போதும்.

சோறு போடுமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் விடை கூற வேண்டும். எல்லோருக்கும் போடாது. பத்துப் பேர் படித்தால் இருவர் படத்துறையில் நிலைப்பதே அரிது. ஏனையோர் விளம்பரத்திலோ தொலைக்காட்சியிலோ இதழிலோ ஆசிரியப் பணியிலோ எழுத்தால் பிழைப்பர். சிலர் கடைக்கே திரும்புவர். பொறியியல் படித்துவிட்டுக் கடைக்குத் திரும்பியவர்களை நாம் கூத்தாடிகள் என்று ஏசினோமா?

இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் பெரியவரிடம் சொல்லிவிடவில்லை. பாதி சொன்னதும், பேரன் எழுதிய எதையாவது நீங்கள் படித்ததுண்டா என்று கேட்டோம். இல்லையென்றார். அடுத்த வாரம் பையனையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவன் கையில் ஒன்பது பக்கங்கள் இருந்தன. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய தோல் ஷாப்பு ஒன்றில் ஒரு பகல் நடக்கும் கதை. தாதாவிடம் சிறு வயதில் கேட்டதை வைத்து எழுதியதாம். முதல் இரண்டு பக்கங்களில் யாரும் பேசவே இல்லை. வாசித்து முடித்து அவர் கையில் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது தப்பு. சுண்ணாம்புக் குழிக்குள் ஆள் இறங்கித் தோலைத் தூக்குவதாக எழுதியிருக்கிறான். எங்கள் ஷாப்பில் கரையில் நின்று இடுக்கியால்தான் இழுப்போம். இழுக்கிறவன் இடது காலை முன்னால் வைக்க மாட்டான், வழுக்கிவிடும்" என்றவர், நம் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, "எழுதிக்கொள்ளடா" என்று பேரனிடம் நீட்டினார்.